பெட்டியக்கா ஏற்றிய நீலம்

செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் நீலமாக இருக்கிறது என்று முதலில் வாய்விட்டுச் சொன்னது மருமகள்தான். சண்டைக்கு இழுக்கச் சொல்லவில்லை. ரொட்டியை டீயில் முக்கித் தின்றுகொண்டே, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், தோன்றியதைச் சொன்னாள்.

“அத்தை, இந்தம்மா தண்ணியில கெடந்து எடுத்த பொணம் மாதிரி இருக்கா.”

பெட்டியக்கா இராத்திரி ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். கால் கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்து டிவியில் நீலத்தை இன்னும் ஒரு கட்டம் ஏற்றியிருந்தாள். ஏற்றிய கையோடு இந்தப் பேச்சு.

“பொணத்தை நீ எங்கடி பாத்தே? மருந்துக்கடையில பில்லுதானே போடுறே?”

“எங்க கடை மருந்தை முழுங்கிட்டு திரும்பி வர்றவங்களைப் பாத்தா தெரியாதா?”

சுவரோரக் கட்டிலில் படுத்திருந்த வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொள்ள, பாதியில் நிறுத்திக்கொண்டார். லாரி ஓட்டி ஓட்டி முதுகைத் தேய்த்துவிட்டு வீட்டோடு கிடப்பவர். நாள் முழுக்க அந்த டிவியைப் பார்ப்பவர் அவர்தான்.

“நீங்க சொல்லுங்க. நீலமா இருக்கா?” என்றாள் பெட்டியக்கா அவரிடம்.

“எனக்கென்ன? முகம் எந்தக் கலர்ல இருந்தாலும் அவ சொல்ற சேதி ஒண்ணுதான். வெலை ஏறிப்போச்சுங்கிறா.”

மகன் பார்சல் கம்பெனிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே உள்ளறையிலிருந்து வந்தான். “அம்மா, அதுக்கு வயசாயிடுச்சு. எத்தனை தடவை சொல்றேன், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்னு. வேன்ல தெனமும் நான் ஊருக்கெல்லாம் புது டிவி கொண்டுபோய் எறக்குறேன். நம்ம வீட்டுக்கு மட்டும் எறக்க விட மாட்டேங்கிற.”

“டிவி நல்லாத்தான் இருக்கு. வயசானா கொஞ்சம் மஞ்சள் அடிக்கும். நீலம் வெச்சுச் சரிபண்ணிக்கிட்டே வர்றேன். சரிபண்ணா சரியாயிடும்.”

“சரிபண்ணிப் பண்ணித்தான் இப்படி ஆச்சு.”

அவன் சும்மா சொன்னதுதான். ஆனால் அவளுக்கு அது மார்பில் போய் நின்றது. அதை வெளியே காட்டாமல் தட்டை எடுத்து இரண்டு முட்டையை உடைத்து ஊற்றப் போனாள்.

அவளுக்குப் பெட்டியக்கா என்ற பெயர் டையிங்கில் வந்தது. துணிக்குச் சாயம் போடுகிற கம்பெனி. ஒரு பக்கம் ஆவி கக்கும் தொட்டிகள், இன்னொரு பக்கம் துணி பிழியும் இயந்திரங்கள், எந்நேரமும் ஈரமான தரை, தொண்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் கூடவே வரும் வாடை. இவற்றுக்கு நடுவில் கதவு சாத்திய ஓர் இருட்டறை இருந்தது. அதற்குள் சாம்பல் நிறம் பூசிய பெட்டி, பெட்டியின் உச்சியில் பகல் வெளிச்சம் போல எரிகிற விளக்கு. வாங்குகிறவர்கள் அனுப்பிய மாதிரித் துணியை ஒரு கையிலும், தொட்டியிலிருந்து வந்த துண்டை மறு கையிலும் பிடித்து, விளிம்போடு விளிம்பு ஒட்ட வைத்துப் பார்ப்பாள். சரி என்றால் துண்டின் முதுகில் ஒரு கோடு. அந்தக் கோடு விழாமல் ஒரு மீட்டர் துணி வெளியே போகாது. அளந்து சொல்ல ஒரு மெஷினும் உண்டு. மெஷினும் அவளும் வேறுவேறு சொன்னால் மெஷினை அணைத்துவிட்டு இன்னொரு தடவை போடுவார்கள். அவளை மறுபடி கேட்கிற வழக்கம் இல்லை.

அந்த அறைக்குள் அவள் சாம்பல் நிறக் கோட்டு மாட்டிக்கொண்டுதான் உட்காருவாள். போட்டிருக்கும் உடுப்பின் நிறம் துணிமேல் விழுந்துவிடக் கூடாது. ஒருநாள் சிவப்புச் சட்டையோடு உள்ளே வந்த கணக்குப்பிள்ளையை, “ஒண்ணு சட்டையைக் கழட்டு, இல்லன்னா வெளியே நின்னு பேசு,” என்று துரத்தியிருக்கிறாள். அவர் வெளியே நின்றுதான் பேசினார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் சொல்வது ஒன்றே ஒன்று. மாதிரித் துணி பக்கத்தில் இல்லாமல் நிறம் சொல்லாதே. ஒரு நிறத்தைப் பார்த்துவிட்டு இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு நடப்பதற்குள் கண் அதை மறந்துவிடும், மறந்துவிட்டதென்றும் சொல்லாது.

டிவி வாங்கிய புதிதில் வீட்டிலும் அப்படித்தான் செய்தாள். அவள் சம்பாத்தியத்தில் வாங்கியது. அந்தத் தெருவிலேயே அவ்வளவு பெரிய திரை முதலில் வந்தது இந்த வீட்டுக்குத்தான். படி திரும்பும் இடத்தில் மாட்டிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைக் கழற்றித்தான் மேலே ஏற்றினார்கள். அன்றைக்கே கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெள்ளை மாதிரித் துணியைத் திரையின் ஓரத்தில் ஒட்டவைத்து, வெள்ளைக்கு வெள்ளை பொருந்தும்வரை மெனுவுக்குள் போய்க் குடைந்தாள். பார்க்க வந்தவர்கள், “உங்க வீட்டு டிவியில புல்லு புல்லு மாதிரியே இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு துணி அலமாரிக்குள் போய்விட்டது. எதற்குத் துணி? வெள்ளை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? படம் மங்கின மாதிரி இருந்தால் நீலத்தில் ஒரு கட்டம். அடுத்த மழைக்காலத்தில் இன்னொரு கட்டம்.

சமீபத்தில் கம்பெனியில் ஒரு லாட் துணி திரும்பி வந்தது. க்ரீம் கலர். கொஞ்சம் மஞ்சள் தூக்கலாக இருக்கிறது என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அவள் துண்டைப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். மாதிரி எங்கே முடிகிறது, துண்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. “அவங்க கடை லைட்டைப் போய் மாத்தச் சொல்லுங்க,” என்றாள். மேனேஜர் பெட்டியின் விளக்கை மாற்றினார். அடுத்து வெளிர்நீலம் ஒன்று திரும்பி வந்தது.

மேனேஜர் அவளைவிட வயதில் சின்னவர். குரல் உயர்த்தத் தெரியாதவர். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“அக்கா, இன்னொண்ணு வந்துச்சுன்னா என் கையில இல்ல. மேலேருந்து உங்களை பேக்கிங்குக்கு மாத்திடுவாங்க.”

பேக்கிங் என்றால் மடிப்பது, அட்டை வைப்பது, கவரில் போடுவது. கை இருந்தால் போதும். பெட்டிக்கு முன்னாலிருக்கும் நாற்காலியில் வேறு யாராவது உட்காருவார்கள்.

அதனால்தான் டிவி விஷயத்தில் அவள் இப்படி முரண்டு பிடித்தாள். டிவி மஞ்சள் அடித்துப் போயிருந்தால் அவள் கண் சரி. டிவி ஒழுங்காக இருந்தால்? அந்தக் கேள்வியை அவள் தினமும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிடுவாள். மறுநாள் அதே பஸ்ஸில் அது மறுபடி ஏறிக்கொள்ளும்.

தட்டில் முட்டையோடு திரும்பி வந்தவள் மகனிடம் சொன்னாள்: “ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வா. அவன் பாத்துட்டு பேனல் போச்சுன்னா புதுசு வாங்கிக்கோ. சரிபண்ணலாம்னா சரிபண்ணுவோம். அவன் சொல்றதுதான் முடிவு. அதுக்கப்புறம் இந்த வீட்டுல யாரும் வாயைத் தொறக்கக் கூடாது.”

“நீயுமா?” என்றார் வீட்டுக்காரர்.

“நான்தான் மொதல்ல.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெக்கானிக் வந்தார். வெளியே வெயில் கொளுத்தியது. சோறு தின்ற பாத்திரங்கள் தொட்டியில் ஊறிக் கிடந்தன. கையில் ஸ்க்ரூ டிரைவர் பை, காதில் பென்சில். டிவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அடடே, பழைய ஆள்! இவ்ளோ கனமா இப்ப எவன் செய்றான்? இப்ப வர்றதெல்லாம் அப்பளம் மாதிரி வருது. தும்முனா விரிசல் விடுது.”

“சேல்ஸ்மேன் இப்படிப் பேச மாட்டான்,” என்றான் மகன், எரிச்சலோடு.

“நான் சேல்ஸ்மேன் இல்லியே தம்பி. பழசு இருந்தாத்தானே எனக்குப் பொழப்பு.” பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். மூடியைத் திறந்து தூசியை ஊதினார். அறை முழுக்கத் தும்மல். “பின்னாடி லைட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கு. அது வயசுக்கு இருக்கிறதுதான். பேனல் போகல.” மூடியைத் திருகிவிட்டு ரிமோட்டை வாங்கி மெனுவுக்குள் நுழைந்தார். நுழைந்தவர் விசில் அடித்தார். “யாருங்க இந்த வேலையைப் பாத்தது? நீலத்தைக் கொண்டுபோய் மொட்டை மாடியில ஏத்தி வெச்சிருக்கு!”

மருமகள் சன்னல் கம்பியை எண்ணுகிறவள் மாதிரி வெளியே பார்த்தாள்.

“கம்பெனியிலேருந்து வந்தப்ப இருந்த மாதிரி வெச்சு, வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் ஏத்தி விடுறேன்.” பொத்தானை அழுத்தினார்.

திரையில் ஒரு சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நீலம் வடிந்து இறங்கியது. சமைக்கிறவனின் கைக்கு உயிர் வந்தது.

“ஆ!” என்றாள் மருமகள்.

“இதுதான்டா தக்காளி,” என்றார் வீட்டுக்காரர், படுத்தபடியே.

மகனால்கூடக் குறை சொல்ல முடியவில்லை. “நல்லாத்தான் இருக்கு,” என்று முனகினான், யாரோ அவன் பையில் கைவிட்டு எடுத்துக்கொண்ட மாதிரி.

பெட்டியக்காவுக்கு அந்தத் திரை டீத்தண்ணீர் கொட்டிக் காய்ந்தது போல இருந்தது. சமைக்கிறவன் போட்டிருந்த வெள்ளைக் கோட்டு அழுக்காக இருந்தது.

“மஞ்சளா இருக்கே,” என்றாள்.

நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

“எங்கம்மா மஞ்சள்?” என்றார் மெக்கானிக். அவர் குரலில் கிண்டல் இல்லை. அக்கறையாகத்தான் கேட்டார். கிண்டல் செய்திருந்தால் ஒரு வழியாகச் சண்டை போட்டிருக்கலாம்.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில், கறுப்புக் காகிதத்தில் சுற்றி, வெளிச்சம் படாமல் வைத்திருந்த வெள்ளை மாதிரித் துணியை எடுத்தாள். டிவிக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். “அந்தக் கோட்டு வர்ற எடத்துல நிறுத்துங்க,” என்றாள். மெக்கானிக் நிறுத்தினார். துணியைத் திரையோடு ஒட்டவைத்தாள்.

துணியும் கோட்டும் ஒன்றாக இருந்தன.

பார்த்தாள். துணியை எடுத்து, மறுபடி வைத்தாள். பழையபடி நீலத்தை ஏற்றச் சொன்னாள். ஏற்றினார். இப்போது துணி ஒரு பக்கம், திரை ஒரு பக்கம். நீலம் அவளுக்கே தெரிந்தது. துணி பக்கத்தில் இருந்தால் அவளுக்கே தெரிகிறது.

“எறக்கிடுங்க,” என்றாள்.

மெக்கானிக்குக்கு டீ கொடுத்து அனுப்பினார்கள். போகும்போது, “இது இன்னும் ஓடும். ஆள் மாத்தி ஆள் ரிமோட்டைத் தொடாம இருந்தாப் போதும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். மகன் அவரைக் கீழே தெருவரை கொண்டுபோய் விடப் போனான்.

பெட்டியக்கா வேலைக்குக் கொண்டுபோகும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குள் திரும்பி வந்த க்ரீம் லாட்டின் துண்டு இருந்தது. அதற்கான மாதிரியும் இருந்தது. வாங்கினவர்கள்தான் தப்பு என்று என்றைக்காவது யார் முன்னாலாவது நிரூபிக்க வேண்டும் என்று வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தவள், இரண்டையும் எடுத்து மருமகளிடம் நீட்டினாள்.

“இதைப் பாரு. ரெண்டும் ஒண்ணா?”

“எனக்கென்ன தெரியும் அத்தை? உங்க வேலை இது.”

“பாத்துட்டுச் சொல்லு. பயப்படாம சொல்லு.”

மருமகள் இரண்டையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. “இது மஞ்சளா இருக்கு. இது இல்ல.”

“எது?”

“இது.” திரும்பி வந்த துண்டைத்தான் தூக்கிக் காட்டினாள்.

“என்னங்க, நீங்க பாருங்க.”

வீட்டுக்காரர் முழங்கையை ஊன்றி எழுந்தார். துணி கைக்கு வருவதற்கு முன்பே சொன்னார். “வேற வேறதான். இங்கேருந்தே தெரியுது.”

“இங்கேருந்தேவா?”

“ஏண்டி, உனக்குத் தெரியலையா?”

அவள் துணிகளை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். வெயில் தலையைப் பிளந்தது. காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்தாள். இதைவிட நல்ல விளக்கு எந்தப் பெட்டியிலும் கிடையாது. சாய்த்துப் பார்த்தாள், நேராக வைத்துப் பார்த்தாள், இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. அசையாமல், பிடிவாதமாக, ஒன்றாகவே இருந்தன.

மருமகள் பின்னாலேயே வந்து படியில் நின்றிருந்தாள்.

“அத்தை, கீழ வாங்க. வெயில் சுடுது.”

“கடைக்கு வர்றவங்கள்ல கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்குறவங்க இருப்பாங்கள்ல? எந்த டாக்டர்கிட்டப் போறாங்க?”

“நெறையப் பேரு... அத்தை, அதுவா இருக்காது. சக்கரை கூடியிருக்கும், அதனால...”

“என்னவா இருந்தா என்ன? போய்ப் பாத்தாத் தெரிஞ்சிடும். பேரைச் சொல்லு.”

மறுநாள் பகல் ஷிப்டுக்குப் போனவள் நேரே இருட்டறைக்குப் போகவில்லை. சாம்பல் நிறக் கோட்டை மாட்டாமல் கையில் மடித்துப் பிடித்தபடி மேனேஜர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“போன வாரம் நான் கோடு போட்ட க்ரீம், வெளிர்நீலம், வெளிர்மஞ்சள், எதுவும் வெளியே போகக் கூடாது. லாரியில ஏத்தியிருந்தா எறக்குங்க. மெஷின்ல போடுங்க, வேற ஆளை வெச்சும் பாருங்க.”

மேனேஜருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

“அக்கா, உங்க மேல நீங்களே புகார் குடுக்கிறீங்களா?”

“புகார் எல்லாம் இல்ல. தப்பான துணி போகுது, நிறுத்துங்கன்னு சொல்றேன். எனக்குக் கண்ணு சரியில்ல. இன்னிக்கு சாயங்காலம் டாக்டர்கிட்டப் போறேன்.”

“இதை இப்படி நேரா வந்து சொல்லியிருக்க வேணாம். மேலே தெரிஞ்சா...”

“தெரியட்டும். அதுவரைக்கும் பேக்கிங்ல ஒக்காந்துக்கிறேன். நீங்க மாத்த வேணாம், நானே போறேன்.” பிறகு கேட்டாள்: “சரியாயிட்டு வந்தா பெட்டியைத் திருப்பிக் குடுப்பீங்களா?”

அவர் யோசித்துத்தான் சொன்னார். “சும்மா குடுக்க முடியாது. வந்து காட்டுங்க. எல்லாரும் சேந்து கஷ்டமான துண்டா பொறுக்கி வைப்போம். சரியாச் சொன்னீங்கன்னா நாற்காலி உங்களுது.”

“அப்படித்தான் இருக்கணும்,” என்றாள். பாவம் பார்த்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு அந்த ஆள்மேல் மரியாதை போயிருக்கும்.

டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுக் கண்புரை என்றார். இரண்டு கண்ணிலும். உள்ளே இருக்கும் வில்லை பழுத்து மஞ்சளாகிவிட்டது, மெதுவாக வருவதால் தெரியாது, பலரும் கண்ணாடியைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்றார்.

“நான் டிவியை மாத்திக்கிட்டு இருந்தேன்,” என்றாள் பெட்டியக்கா.

முதலில் ஒரு கண்ணில் ஆபரேஷன், அது ஆறிய பிறகு மறு கண் என்று முடிவாயிற்று. டிவிக்கென்று மகன் ஒதுக்கி வைத்த பணம் அந்தச் செலவுக்குப் போயிற்று. அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்சல் இறக்கப் போகிற வீடுகளின் டிவிகளைப் பற்றியும் பேசுவதை நிறுத்திக்கொண்டான். பேக்கிங்கில் அவள் சட்டைத் துணிகளை மடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் ஆரம்பத்தில் தயங்கினார்கள். பிறகு, “பெட்டியக்கா இப்ப அட்டைப் பெட்டியக்கா ஆயிட்டாங்க,” என்று கேலி பேசத் தொடங்கினார்கள். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே மடிப்பு கோணலாக இருந்ததைப் பிரித்து அவர்களையே மறுபடி மடிக்க வைத்தாள்.

ஆபரேஷன் ஆனதற்கு மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தாள். மருமகள் நேரம் பார்த்துச் சொட்டு மருந்து விட்டாள், குனியாதீங்க, தேய்க்காதீங்க, தும்மாதீங்க என்று பத்து கட்டளை போட்டாள். “மூச்சு விடலாமாடி?” என்றாள் பெட்டியக்கா.

மருமகள் அடுக்களைக்குள் போனதும் கண்ணாடியைக் கழற்றினாள். பையிலிருந்து அந்த இரண்டு க்ரீம் துண்டுகளையும் எடுத்தாள்.

விளிம்போடு விளிம்பு ஒட்டக்கூட வைக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்று க்ரீம். மற்றது, எந்த மடையனும் சொல்லிவிடுவான், மஞ்சள்.

“தூ,” என்றாள் தனக்குத்தானே. “இதுக்கா கோடு போட்டேன்?”

ஆபரேஷன் ஆன கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தாள். இரண்டும் ஒன்றாயின. கண்ணை மாற்றினாள். இரண்டாகப் பிரிந்தன. மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவளை வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து கவனித்தார்.

“யாருக்கு அங்க கண்ணடிக்கிறே?”

“உங்களுக்கில்ல. டிவியைப் போடுங்க.”

போட்டார். செய்தி வாசிக்கிற பெண் வந்தாள், மனித நிறத்தில். பெட்டியக்கா புதுக் கண்ணால் மட்டும் பார்த்தாள். வெள்ளை அவ்வளவு வெள்ளையாக இருந்ததில் கண் கூசியது. பிறகு நெற்றி சுருங்கியது. நாற்காலியைத் தள்ளிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போனாள்.

“இந்த மூலை மஞ்சளா இருக்கே.”

வீட்டுக்காரர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த மகன் வாசலிலேயே நின்றுவிட்டான். அடுக்களையிலிருந்து மருமகள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அவர்கள் மூவரும் பார்த்துக்கொண்ட பார்வை அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. இப்போது எல்லாமே நன்றாகத்தான் தெரிந்தது.

“அம்மா,” என்றான் மகன் மெதுவாக, “மெக்கானிக் பாத்துட்டுத்தானே போனாரு. ஒண்ணும் இல்லம்மா. ஒரே மாதிரிதான் இருக்கு.”

“நீ சொல்லு,” என்றாள் மருமகளிடம்.

மருமகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். “இல்ல அத்தை. எனக்கு எதுவும் தெரியல.” அவள் முகம் வாடிவிட்டது.

பெட்டியக்கா வாடவில்லை. அலமாரிக்குப் போய்க் கறுப்புக் காகிதத்தைப் பிரித்து வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு வந்தாள். “வாய்ல சொன்னா நானும் நம்ப மாட்டேன். முழுக்க வெள்ளையா வர்ற மாதிரி ஏதாவது போடு.”

மகன் மெனுவில் தேடி ஒரு வெற்று வெள்ளைத் திரையைக் கொண்டுவந்தான். அவள் துணியை நடுத்திரையில் ஒட்டவைத்தாள். ஒன்றாக இருந்தது. அப்படியே துணியை எடுக்காமல், திரையோடு சேர்த்து, வலப்பக்கக் கீழ் மூலைக்கு மெல்ல நகர்த்தினாள். எல்லோரும் தலையை நீட்டினார்கள். மூலைக்கு வந்ததும் துணி திரையிலிருந்து பிரிந்து தனியாக நின்றது. சுற்றிலும் கையகலத்துக்கு, பழைய காகிதத்தின் ஓரம் போல, லேசான மஞ்சள்.

“அய்யோ, ஆமா!” என்றாள் மருமகள். “ஆமா அத்தை! ஆமா!”

மகன் துணியை வாங்கித் தானே ஒருமுறை நகர்த்திப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்தான். “மெக்கானிக்குக்கே தெரியலையேம்மா.”

“மெக்கானிக்கிட்டத் துணி இல்லியே. பின்னாடி லைட்டு போய்க்கிட்டிருக்கு. மூலையில ஆரம்பிச்சிருக்கு, உள்ள வரும்.” துணியை வாங்கித் தட்டி மடித்தாள். “டிவியை மாத்திடுடா.”

“என்னது?”

“மாத்திடு. இனிமே சரிபண்ணிப் பிரயோஜனம் இல்ல.”

“இத்தனை நாள் நான் தலைகீழா நின்னேன், கேக்கல. இப்பத்தான் நல்லா இருக்குன்னு நானே நெனச்சேன். கையகலம் மஞ்சள், அதுவும் யாருக்கும் தெரியாத மஞ்சள், அதுக்குப் போயி...”

“எனக்குத் தெரியுது.”

“எனக்கு அந்த மூலை வேணாம்,” என்றார் வீட்டுக்காரர். “மத்த மூணு மூலையைப் பாத்துக்கிறேன். என் காலம் வரைக்கும் ஓடும்.”

“சரி, மறு கண்ணு ஆறட்டும். ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டு நானே வாங்குறேன், கடையில போய்த் துணி வெச்சுப் பாத்து. அதுவரைக்கும் இது இருக்கட்டும்.” பசை நாடாவைத் தேடி எடுத்து, வெள்ளைத் துணியில் ஒரு துண்டை வெட்டி டிவியின் சட்டத்தில் ஒட்டினாள். ரிமோட்டை டிவியின் தலைமேல் வைத்தாள். “இந்தத் துணியைப் பாக்காம யாரும் கலர்ல கை வெக்கக் கூடாது. நானும்தான்.”

பிறகு உள்ளறைக்குப் போனாள். பேக்கிங்குக்குப் போன நாளிலிருந்து கொடியில் தொங்கிக்கொண்டிருந்த சாம்பல் நிறக் கோட்டை எடுத்து உதறினாள். தோளில் தூசி படிந்திருந்தது. முன்பு கண்ணில் பட்டிருக்காத ஒரு டீக் கறையும் கைமடிப்பில் இருந்தது. அதைத் தனியாகச் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைத்தாள். காய்ந்ததும் மேசைமேல் விரித்து இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினாள்.

“அத்தை, குனியக் கூடாதுன்னு சொன்னேன்ல?” மருமகள் ஓடிவந்தாள்.

“குனியல. நிமிந்துதான் தேய்க்கிறேன். நீ போய் அந்த மேனேஜர் நம்பரைப் போட்டுக் குடு.”